கயிறு பிடிப்பதற்கு முன்

தம்பி தென்காசிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த பத்து சென்ட் மனையில் வீடு கட்டப் போகிறான். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் எலிவேஷன் படம் அனுப்பியிருந்தான். மனைக்கு மேற்கே சாலை; அதனால் முகப்பும் மேற்கே. முகப்பு முழுக்க இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. படத்தில் வானம் நீலம், தரை பச்சைப் புல். மலை இல்லை. பக்கத்து மனையிலிருக்கும் மாட்டுத் தொழுவம் இல்லை. அந்தப் படத்தைக் கொண்டுபோய் ஓசூரில் வைத்தாலும் துபாயில் வைத்தாலும் ஒரு கோடுகூட மாற வேண்டியதில்லை. "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டிருந்தான். உடனே பதில் எழுத மனம் வரவில்லை. ஆசையாகக் கேட்கிற பிள்ளையிடம் நல்லாயில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஏன் என்று எனக்கே தெளிவாக வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு.

*

முதலில் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று இந்த ஊரின் பெரிய மனிதர். எல்லோரும் அவருக்கு வழிவிட்டுத்தான் நடக்கிறார்கள். தென்னை கிழக்கே சாய்ந்து வளர்கிறது. கூரை வேய்கிறவர்கள் மேற்குப் பக்கம் கூடுதலாகக் கட்டுப் போடுகிறார்கள். சாரல் இங்கே மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. மேற்கே திறந்த ஜன்னல் என்றால் படுக்கை நனையும்.

ஆச்சி வீட்டில் மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது. இரண்டு புறைகள் உண்டு. ஒன்றில் விளக்கு, ஒன்றில் விபூதித் தட்டு. தெரு வடக்கே. தார்சா என்கிற முன்தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், முற்றம், அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில் போகும். தலைவாசலில் நின்றால் புறவாசல் கிணற்றுத் துலா தெரியும். சின்ன வயதில் அதை வெறும் நீளம் என்றுதான் நினைத்தோம். மத்தியானம் எல்லோரும் ஏன் முற்றத்தை ஒட்டியே படுத்தார்கள் என்று யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை. அங்கே காற்று இருந்தது, படுத்தார்கள்.

*

வெயில் கணக்கு. கல்லூரியில் படித்த புத்தகங்கள் வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்றன. அவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தென்காசி ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாளையொட்டி நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அதன்பின் ஆவணி நடு வரை, நாலரை மாதம், நடுப்பகல் சூரியன் வடக்கேதான். ஆக வடக்குச் சுவருக்கும் சன்ஷேட் வேண்டும்.

ஆனால் வடக்கும் தெற்கும் சுலபம். தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போட்டால், சூரியன் மிகத் தாழ்ந்து போகும் டிசம்பர் கடைசியில்கூட நடுப்பகலில் மூன்றடிக்கு மேல் நிழல் விழும். அதே இரண்டடியை மேற்கே போட்டுப் பார்த்தேன். பங்குனியில் மாலை நாலேகால் மணிக்கு அது தருவது ஓரடிக்குச் சற்று மேலான நிழல். ஐந்து மணிக்கு முக்கால் அடிதான் மிஞ்சும். அதாவது மேற்கு வெயிலை மேலேயிருந்து மறைக்க முடியாது. அது சன்ஷேடுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிடும். அதை எதிரே நின்றுதான் மறைக்க வேண்டும். மரம், தார்சா, தட்டி, ஓட்டைச் சுவர், ஏதாவது ஒன்று.

இரண்டு மாடி உயரக் கண்ணாடி அங்கே என்ன செய்யும் என்பதற்குத் தனியாகக் கணக்கு வேண்டாம்.

*

சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகம் ஞாபகம் வருகிறது. மேற்கு முழுக்க நீலக் கண்ணாடி. மத்தியானம் ஒரு மணிக்குத் திரைகளை இறக்குவோம், இறக்கியதும் இருட்டிவிடும், இருட்டியதால் விளக்கைப் போடுவோம், விளக்கும் வெயிலும் சேர்ந்து சூடாக்கும், ஏசியைக் கூட்டுவோம். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடிக்குப் பின்னால் ஆறு வருடம் டியூப்லைட்டில் படம் வரைந்தேன். ஒரு நாள் ஜெனரேட்டரும் பழுதாகிக் கரண்ட் போனது. இருபதே நிமிடத்தில் எல்லோரும் படியிறங்கிக் கீழே வேப்பமரத்தடியில் நின்றோம். ஜன்னல் ஒன்றையும் திறக்க முடியாது; திறக்கும்படி செய்யப்படவே இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்குள் ஒரே கேள்வி: கரண்ட் போனால் இது என்ன செய்யும்?

*

அந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த பதில் புதுச்சேரியில் இருக்கிறது. கோல்கொண்டே. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடித்தார்கள். வரைந்தவர் ஆன்டனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரானவர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்குப் போய் ஜப்பானிலேயே தங்கித் தொழில் செய்தவர். களத்தில் இருந்து கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா; பிற்காலத்தில் மர வேலைக்காக உலகப் புகழ் பெற்றவர். பணம் ஹைதராபாத் நிஜாமிடமிருந்து திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்தது; அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தியாவில் காங்கிரீட் அப்போது புதிது. புதுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் செய்தவை எல்லாம் அந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்குமான பதில்கள். கட்டடம் கிழக்கு மேற்காக நீளம். வெயில் ஏறும் இரண்டு முனைகளும் குறுகல், மூடிய சுவர். வடக்கும் தெற்கும் நீளம், அங்கே சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை கிடைமட்டப் பலகைகள், வரிசை வரிசையாக, கையால் திருப்பும்படி. மழைக்குச் சாய்க்கலாம், காற்றுக்குத் திறக்கலாம், கூச்சத்துக்கு மூடலாம். கண்ணாடி இல்லை. வடக்கே நடை, தெற்கே அறைகள், இடையில் தேக்குக் கதவுகள். அந்தக் கதவின் சட்டங்கள் முன்னும் பின்னுமாக விலகி நிற்பதால் பார்வை நுழையாது, காற்று நுழையும். கூரைக்கு மேல் இன்னொரு கூரை: வளைந்த காங்கிரீட் ஓடுகளை அடுக்கி, இடையில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழ்த்தளம் அதன் நிழலில் இருக்கும். தரையில் கருங்கடப்பைக் கல்.

பூட்டுக்கும் கீலுக்கும் பித்தளை வேண்டும் என்றபோது பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். ஒரு மே மாதம் அனுமதி வாங்கி உள்ளே போனேன். தெருவில் செருப்பில்லாமல் நிற்க முடியாத நேரம். உள்ளே வெறுங்காலுடன் நடந்தேன். ஃபேன் சத்தம் இல்லாததைத்தான் முதலில் உணர்ந்தேன்.

ஒரு குறை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் ஆனவை. அதன் கெடுதி பொதுவாகத் தெரியவராத காலம். இன்று யாராவது அதைச் செய்வதானால் மரமோ அலுமினியமோதான்.

இன்னொன்றும். அந்தப் பலகைகள் எண்பது வருடம் கழித்தும் திரும்புவதற்குக் காரணம், ஆசிரமத்தார் அவற்றைத் தினமும் துடைக்கிறார்கள் என்பதுதான். தம்பி வீட்டில் யார் துடைப்பார்? இதை யோசிக்காமல் கோல்கொண்டேயைப் புகழ்ந்துகொண்டே போவது சரியில்லை. அவனும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். தினசரிக் கவனிப்பு கேட்காத பதிலாக இருக்க வேண்டும்.

*

இடம் பார்ப்பது. இதை நாம் சர்வே நம்பரும் வாஸ்துவும் பார்ப்பதோடு முடித்துவிடுகிறோம்.

கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கு 1990களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு ஹோட்டல் கட்டும் வேலை வந்தது. முதலில் காட்டப்பட்ட இடம் சிகிரியாப் பாறைக்குப் பக்கத்திலேயே. எந்த முதலாளியும் அந்த இடத்தைக் கைவிட மாட்டார். ஜன்னலைத் திறந்தால் சிகிரியா. பாவா அது வேண்டாம் என்றார். பல மைல் தள்ளி, பழைய கண்டலம ஏரிக்கு எதிரே ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கும் காட்டுக்கும் அப்பால் சிகிரியா சின்னதாகத் தெரியும். பக்கத்தில் போய் நின்று அதன் தோளில் கை போடாமல், மரியாதையான தொலைவில் உட்கார்ந்து பார்ப்பது.

1994-இல் திறந்த அந்தக் கட்டடம் பாறையின் வளைவை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள்கிறது. பாறையை வெட்டித் தரையைச் சமமாக்கவில்லை. தூண்களில் தூக்கி நிறுத்தியதால் சரிவில் வரும் மழைநீர் கட்டடத்துக்குக் கீழே தன் வழியில் போகிறது. நடையில் நடந்துகொண்டிருக்கும்போதே பாறை உள்ளே வந்து நிற்கும். வெளியே மரச்சட்டங்கள், அவற்றில் கொடிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

கட்டும்போது கடும் எதிர்ப்பு இருந்தது. ஏரி கெடும், ஊர் கெடும் என்று பிக்குகளும் சூழல் அமைப்பினரும் போராடினார்கள். அந்த அச்சத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஏரி என்பது வேடிக்கை பார்க்க ஏற்பட்டதல்ல, அதன் கீழே வயல்கள் இருக்கின்றன. ஒரு கட்டடம் பாறைக்கும் கொடிக்கும் பதில் சொல்லிவிட்டால் போதாது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். படங்களில் இந்தப் பகுதி வராது.

பாவா நமக்குத் தூரத்து ஆள் இல்லை. மதுரையிலும் சென்னையிலும் அவர் வேலைகள் உண்டு. வக்கீலாக இருந்து, முப்பது வயதைத் தாண்டிக் கட்டடக்கலைக்கு வந்தவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

*

தம்பி போனில். "அப்ப செட்டிநாட்டு வீடு மாதிரி தூண் வச்சிருவோமாக்கா? நம்ம பாரம்பரியம்லா?"

இல்லை என்றேன். காங்கிரீட் தூணைச் சுற்றித் தேக்கு நிறத்தில் ஏதோ ஒட்டி, முன்னால் ஒரு சாய்ப்பில் ஓட்டைப் பதித்து, பின்னால் அதே அடைத்த பெட்டி. இப்போது நெடுஞ்சாலையோர விடுதிகளில் இதுதான் நடக்கிறது. ஓடு எதற்கு இருந்தது? சூடான காற்று இடுக்கு வழியாக வெளியேற, மழை வழுக்கி ஓட. தளத்தின் மேல் ஒட்டிய ஓடு இரண்டையும் செய்யாது. முகத்தைக் காப்பியடிப்பதைவிட, அந்த வீட்டுக்காரர் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தார், ஏன் படுத்தார் என்று கேட்பது உபயோகம்.

அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம்: அந்தத் தூண்கள் எங்கிருந்து வருகின்றன. காரைக்குடி கடைத்தெருவில் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். கதவுகள், நிலைகள், உத்திரங்கள். ஒவ்வொன்றும் ஓர் இடித்த வீடு. எங்கள் ஆச்சி வீட்டு நிலையும் இப்படி எங்கோ போனதுதான். ஏழு மணி நேரத்தில் இடித்துவிட்டார்கள்.

சீனாவில் நிங்போ அருங்காட்சியகத்தை நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்கவும் வாய்ப்பில்லை. ஆனால் அதன் சுவர்ப் படங்களை வருடக்கணக்காக வைத்திருக்கிறேன். வாங் ஷூவும் அவர் மனைவி லூ வென்யூவும் செய்தது, 2008-இல் திறந்தது. நகரம் பெருத்து ஏறத்தாழ 30 கிராமங்கள் இடிபட்ட பகுதி அது. இடிபாட்டிலிருந்து செங்கல்லையும் ஓட்டையும் பொறுக்கி அந்தப் பெரிய சுவர்களை எழுப்பினார்கள். வாபான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழைய முறை உண்டு. புயலில் வீடு விழுந்தால் கிடைத்த ஓட்டையும் கல்லையும் நேரமில்லாமல் அவசரமாக அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். மறந்துகொண்டிருந்த அந்தக் கையை அவர்கள் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஓடு எங்கே வர வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துவிட முடியாது. சாரத்தில் நிற்கிற கொத்தனார்தான் முடிவெடுக்கிறார். ஊர்க்காரர்கள் அருங்காட்சியகத்துக்கு வருவது உள்ளே இருக்கும் பொருளைப் பார்க்க மட்டுமல்ல, சுவரில் தங்கள் வீட்டைத் தேடவும்தான் என்று படித்தேன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

2012-இல் வாங் ஷூவுக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள்.

*

புர்க்கினா ஃபாசோவில் காண்டோ என்ற ஊர். பிரான்சிஸ் கேரே அங்கே பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் சின்னப் பிள்ளையாக வீட்டைவிட்டு வேறு ஊரில் படித்தார். நூறு பிள்ளைகளுக்கு மேல் அடைத்த சிமென்ட் அறை, தகரக் கூரை. பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருக்கும்போதே பணம் திரட்டித் தன் ஊருக்கு ஒரு பள்ளி கட்டினார். 2001-இல் முடிந்தது.

சுவர் உள்ளூர் மண். கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்திய கல். உட்கூரையும் அதே கல்தான், இடைவெளி விட்டு. அதற்கு மேலே, தொடாமல், கட்டுக்கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தில் தகரக் கூரை மிதக்கிறது. தகரம் சூடேறும்போது இடையிலுள்ள காற்று மேலே கிளம்ப, அறையின் வெப்பக் காற்று இடைவெளி வழியாகப் பின்னாலேயே போகிறது. தகரம் அகலமாக வெளியே நீள்வதால் மண் சுவர் மழையில் கரையாது. புதுச்சேரியில் பார்த்த அதே இரட்டைக் கூரை. ஒன்றுக்கு நிஜாமின் பணம், இன்னொன்றுக்குப் பிள்ளைகள் சுமந்த கல்லும் பெண்கள் சுமந்த தண்ணீரும்.

ஊர்க்காரர்களுக்கு முதலில் மண் பிடிக்கவில்லை. மண் என்றால் மழையில் போகும், ஏழைக்கு உரியது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து மண்ணையா காட்டுகிறாய் என்ற வருத்தம். என் தம்பியின் கண்ணாடி ஆசைக்குள்ளும் அது இருக்கிறது. அப்பா ஓட்டு வீட்டில் ஒழுகலுக்குச் சட்டி வைத்துக்கொண்டு வளர்த்த பிள்ளை அவன். அந்த வீட்டை அவனால் என்னைப் போல் நினைக்க முடியாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின இரவு அவன் நோட்டு நனைந்தது. நான் அப்போது விடுதியில் இருந்தேன். ஓட்டு வீட்டின் அழகைப் பற்றி அவனிடம் பேசும்போதெல்லாம் இதை நான் மறந்துவிடுகிறேன். மறக்கக் கூடாது.

*

திருவனந்தபுரத்துக்கு ஒரு நடை போய் வந்தோம், அவனைக் கூட்டிக்கொண்டு. அங்கே உள்ளூர் என்ற பகுதியில் லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம். ஓட்டை ஓட்டையாகச் செங்கல் சுவர்கள். வெளிச்சம் தரையில் காசு காசாக விழுகிறது. மரம் நின்ற இடத்தில் சுவர் வளைந்து போகிறது. தம்பி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சுவரில் கை வைத்து, "பூசவே இல்லயாக்கா? பூச்சுக் காசு மிச்சம்லா?" என்றான். அவன் பேங்கில் வேலை பார்க்கிறவன். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் டிராப் முறையில் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும் என்றேன். மொபைலை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். அழகு என்று நான் சொன்ன எதற்கும் அவன் அசையவில்லை, இதற்கு அசைந்தான். எந்த வழியில் வந்தாலும் சரி.

*

புதுப் படம். முகப்பு மேற்கேதான், சாலையை மாற்ற முடியாது. மேற்கே எட்டடி அகலத்தில் தார்சா. தார்சாவின் வெளி விளிம்பில் முழு உயரத்துக்கு ஓட்டைச் செங்கல் சுவர். காற்று உடைந்து உள்ளே வரும், சாரல் சுவரிலேயே நிற்கும், துடைக்க எதுவும் இல்லை. கண்ணாடி அவனுக்கு வேண்டும். வடகிழக்கில், மாடிப்படிப் பக்கம், ஆறடி உயரத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். அங்கிருந்து வயல் தெரியும். மொட்டைமாடித் தட்டட்டிக்கு மேல் தகரக் கூரை, மூன்றடி இடைவெளி விட்டு, கம்பியில் இறுக்கிக் கட்டி. ஒழுகாது என்று எழுதியே கொடுத்திருக்கிறேன்.

*

இன்று மனையில் கயிறு பிடித்தோம். கொத்தனாருக்கு அறுபது வயதிருக்கும். படத்தைப் பார்த்து, "மேகாத்துக்குச் செவுரு குடுத்திட்டீக, சரி. தண்ணிக்கு என்னம்மா குடுத்திருக்கீக?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மனையின் தென்மேற்கு மூலையைக் காட்டினார். புல் அங்கே மட்டும் வேறு பச்சை. தொழுவத்துக்காரம்மா வேலியோரம் நின்று சொன்னார்: ஐப்பசி, கார்த்திகையில் மேலேயுள்ள குளம் நிறைந்தால் மறுகால் தண்ணீர் அந்த மூலையில் நுழைந்து, குறுக்கே ஓடி, கிழக்கு வாய்க்காலில் விழும். மனை பிரித்தவர்கள் மண் அடித்து மூடியிருக்கிறார்கள். பத்திரத்தில் இல்லை, வரைபடத்தில் இல்லை. இவ்வளவு எழுதிய நானும் பங்குனியில் வந்து பார்த்துவிட்டுப் போனேன். காய்ந்த மனை, கண்ணில் படவில்லை.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மா காட்டிய வழியில் கொத்தனார் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டே நடந்தார். கோடு எங்கள் பட்டாசலின் நடுவே போனது.

வடக்கே பதினோரடி நகர்த்தினால் வீடு தப்பும். தோட்டம் போகும், கார் நிறுத்தும் இடம் சுருங்கும். தெற்கே தண்ணீருக்கு ஐந்தடி அகலத்தில் கல் பாவிய ஓடை விடலாம். நாளை காலை ஏழு மணிக்கு மறுபடி கயிறு பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். தொழுவத்துக்காரம்மாவையும் வரச் சொன்னேன். பால் கறந்துவிட்டு எட்டு மணிக்கு வருவாராம்.